எங்கள் பிள்ளைகளின் பேச்சை அவர்கள் வீட்டில் வைத்துக் கேட்க விடுங்கள்

முனைவர் பட்ட ஆய்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், ஆய்வுப் பிரிவின் இயக்குநருக்கும்,

என் ஆய்வுத் திட்டத்தைத் திருப்பி அனுப்பி நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு பத்திதான் இருக்கிறது. கிராமத்து வீடுகளில் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்யும் பகுதியை நீக்க வேண்டும். நகரத்தில் ஒரு மழலையர் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே தரப்படுத்தப்பட்ட வினாப்படிவத்தைக் கொண்டு தரவு திரட்ட வேண்டும். தலைப்பையும் அதற்கேற்ப மாற்றி, ஒரு கல்விப் பருவத்துக்குள் தரவோடு வர வேண்டும். ஏன் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. காரணங்களைக் குழுக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னீர்கள். மறுபரிசீலனை கேட்டு நான் எழுத்தில் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை.

அதனால் திறந்த மடலாக எழுதுகிறேன். என் பட்டம் தள்ளிப்போவது மட்டும்தான் பிரச்சினை என்றால் இன்னும் கொஞ்சகாலம் பொறுத்திருப்பேன். உங்கள் முடிவு இப்படியே நின்றால், கடைமடை ஊர் ஒன்றில் மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் பேசும் என்று நாளை யாராவது கேட்கும்போது எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்று இல்லாததால் இப்போதே என்னவெல்லாம் நடக்கிறது என்று எங்கள் ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்டது பெரிய காரியமில்லை. கோரையாறும் பாமணியாறும் கடலை நெருங்கும் பகுதியில், திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையிலுள்ள சில ஊர்களில், இரண்டு வயது தொட்டு ஐந்து வயதுக்குள் இருக்கும் சில பிள்ளைகளை ஒன்றரை ஆண்டு தொடர்ந்து கவனிப்பது. மாதந்தோறும் அவர்கள் வீட்டிலேயே, வழக்கமாக யாரோடு பேசுவார்களோ அவர்களோடு பேசும்போது பதிவு செய்வது. தமிழ் வினைச்சொல்லின் ஈற்றில், அதாவது முடிவில், எவ்வளவோ செய்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது: செய்தது யார், எப்போது, செய்து முடிந்ததா, சொல்பவர் கண்ணால் கண்டதா காதால் கேட்டதா. இவற்றைப் பிள்ளைகள் எந்த வயதில், எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பதிவுகளிலிருந்து அறிவது. நான் அந்தப் பகுதியில் பிறந்தவள். அம்மா அங்கன்வாடி ஊழியர். எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போனால் பிள்ளை பேசும், எப்போது தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஆய்வுக்கு நான் பொருத்தமானவள் என்று நினைக்க அதுவும் ஒரு காரணம்.

கூட்டத்தில் முதலில் வந்த ஆட்சேபம், கொச்சைப் பேச்சை வைத்து முனைவர் பட்டம் தர முடியாது என்பது. ஐயா, எழுத்துத் தமிழைத் தாய்மொழியாகப் பேசிக்கொண்டு வளரும் குழந்தை எந்த ஊரிலும் கிடையாது. எழுத்துத் தமிழ் பெரும்பாலும் பாடப்புத்தகத்தோடு ஐந்து வயதில் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு பிள்ளை தானாக, ஒருவரும் இலக்கணம் சொல்லித் தராமல் கட்டியெழுப்புவது வீட்டுப் பேச்சைத்தான். அதை விலக்கிவிட்டுக் குழந்தை மொழியை ஆராய வழியில்லை. வட்டார வழக்கு ஆய்வுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன என்றும் சொன்னீர்கள். வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. பெரியவர்களிடம் சொல் சேகரித்த ஆய்வுகள் அவை. பெரியவர் பேச்சின் விதிகள் ஒரு பிள்ளைக்குள் எப்படி முளைக்கின்றன என்று அவை கேட்கவில்லை. கேட்பது அவற்றின் வேலையும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபத்தைச் சொல்வதற்கு முன் என் முன்னோட்டப் பதிவிலிருந்து ஒரு சான்று தருகிறேன். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஊரில் அதுதான் பேச்சு. மூன்று வயது நிரம்பாத ஒரு பெண்பிள்ளை தெருவிலிருந்து ஓடிவந்து தன் அப்பாயியிடம் சொன்னாள்: “தண்ணி வந்துருச்சாம். மதகு தொறந்துட்டாங்களாம்.” பிறகு தாத்தா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்காலைக் காட்டினார். திரும்பி வந்ததும் அதே அப்பாயியிடம் சொன்னாள்: “அப்பாயி, தண்ணி வந்துருச்சு!”

முதல் முறை இருந்த ‘ஆம்’ இரண்டாம் முறை இல்லை. காதில் விழுந்த செய்திக்கு ஓர் ஈறு, கண்ணால் கண்டதற்கு வேறு என்று அவள் பிரித்துவிட்டாள். தனக்கு எது எப்படித் தெரியவந்தது என்று அந்த வயதில் கணக்கு வைத்திருக்கிறாள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஒரு பதிவை வைத்து முடிவு கட்ட முடியாது. தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று நான் கேட்பதே அதனால்தான். துருக்கி மொழியிலும் கொரிய மொழியிலும் இதே வகை ஈறுகளைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தமிழில் அப்படி ஓர் ஆய்வு செய்ய டெல்டாவைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வந்ததாம், நெல் எடுக்கிறார்களாம், புயல் வருகிறதாம் என்று வருடம் முழுக்க ‘ஆம்’ போட்டுப் பேசும் ஊர்கள் இவை.

நீங்கள் பரிந்துரைத்த வினாப்படிவத்தில் இந்த ஈறுக்கு இடமில்லை. அந்தப் படிவம் ஆங்கிலக் குழந்தைகளுக்காக உருவாகி, பிறகு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. பிள்ளை ஒரு வாக்கியத்தில் எத்தனை சொற்களைச் சேர்க்கிறது என்று எண்ணி வயதோடு ஒப்பிடுகிறது. ‘தொறந்துட்டாங்களாம்’ என்பது அதன் கணக்கில் ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் திறத்தல் இருக்கிறது, செய்து முடித்துவிட்டார்கள் என்பது இருக்கிறது, இறந்தகாலம் இருக்கிறது, செய்தவர் பலர் என்பது இருக்கிறது, நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதும் இருக்கிறது. இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லும் குழந்தைக்கு ஐந்தாறு சொல்லுக்கான மதிப்பு கிடைக்கும். எங்கள் பிள்ளைக்கு ஒன்று கிடைக்கும். போதாக்குறைக்கு நாம் ‘நான்’, ‘அவன்’, ‘அவர்கள்’ என்பதையெல்லாம் சொல்லாமலே விட்டுவிடுவோம், வினை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். அதுவும் எண்ணிக்கையில் குறையும். நெல் அளக்கும் மரக்கால் கொண்டு துணி அளந்தது போலத்தான் இது. விடையாக ஓர் எண் வரும், அது துணியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

‘நாம’, ‘நாங்க’ வேறுபாடும் அப்படித்தான். “நாங்க கோயிலுக்குப் போறோம், நீ வராத” என்று நான்கு வயதுப் பையன் தன் அத்தை மகளிடம் சொல்கிறான். சண்டை தீர்ந்ததும் “வா, நாம போவோம்” என்கிறான். கேட்பவரைச் சேர்ப்பதும் விலக்குவதும் அவன் கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால் மொழிபெயர்த்த படிவத்திலும் இல்லை. உச்சரிப்புப் பகுதிக்கு வந்தால், ‘வாழைப்பழம்’ என்று படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்கிறது. ழகரம் வராவிட்டால் பிழை. எங்கள் ஊரில் பெரியவர்களிலேயே பலர் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்வார்கள். அம்மா சொல்வதை அப்படியே சொல்லும் பிள்ளைக்கு உச்சரிப்புக் குறை என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

இனி இரண்டாவது ஆட்சேபம். வீட்டுப் பதிவு அறிவியல் முறை ஆகாது, பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மதிப்போடு ஒன்றை நினைவூட்டுகிறேன். ஹார்வர்டில் உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1960களில் தொடங்கி 1973இல் நூலாக வெளியிட்ட ஆய்வில் இருந்த குழந்தைகள் மூன்றே பேர். ஆடம், ஈவ், சாரா என்று புனைபெயர் வைத்தார். அவர்கள் வீட்டில், அவர்கள் அம்மாவோடு பேசியதைத்தான் பதிவு செய்தார்கள். இந்தத் துறை இன்றுவரை அந்தப் பதிவுகளுக்குத் திரும்பிப் போகிறது. அவர் எண்ணியதும் சொற்களை இல்லை, சொல்லுக்குள் இருக்கும் பொருளுள்ள உறுப்புகளை. தமிழுக்குச் செய்ய வேண்டியதும் அதுதான். 1984இல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய ‘சைல்ட்ஸ்’ என்ற உலகக் குழந்தை மொழிக் களஞ்சியம் முழுக்க இப்படிப்பட்ட பதிவுகள்தான் இருக்கின்றன. தமிழுக்கும் அதில் இடம் உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சைத் தொகுத்து அதற்கு முன்னோடி வேலை செய்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேருக்குத் தாய்மொழியாக இருக்கும் மொழி இது. அந்த வேலையைத் தொடர வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

என் திட்டத்தில் வெறும் பதிவு மட்டும் இல்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் இல்லாத ஒரு சொல்லை உருவாக்கி, அதைக் குழந்தைகள் எப்படிப் பன்மையாக்குகிறார்கள் என்று பார்த்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் விதியைப் பிடித்திருக்கிறார்களா என்று அறிய அது வழி. அதைத் தமிழ் வினைக்கு மாற்றியிருக்கிறேன். பொம்மையைக் குதிக்க வைத்துச் சுற்றிவிட்டு, “இது டூம்புது பாரு. நேத்தும் இதையேதான் பண்ணுச்சு. நேத்து என்ன பண்ணுச்சு?” என்று கேட்டேன். “டூம்புச்சு” என்று ஒரு பிள்ளை தயங்காமல் சொன்னது. இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். துணிப்பொம்மையும் ஒரு பதிவுக் கருவியும் போதும், அவற்றையும் நானே வாங்கிவிட்டேன்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. “அந்த வீடுகளில் பேச்சே குறைவு, பதிவு செய்து என்ன கிடைக்கும்?” என்று கேட்டீர்கள். கூலி வேலைக்குப் போகும் வீடுகளைச் சொன்னீர்கள். இந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் கான்சாஸில் 42 குடும்பங்களை வைத்து எழுதியது அது. ஏழை வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற கணக்கு அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் வேறு சமூகங்களில் பதிவு செய்து, குழந்தையைச் சுற்றி நடக்கும் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஏழை வீடுகளுக்குள்ளேயே பேச்சின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறியது. அதற்கும் வெகுகாலம் முன்பே 1980களில் எலினோர் ஆக்ஸும் பாம்பி ஷீஃபலினும் சமோவாவிலும் பப்புவா நியூகினியிலும் பார்த்துவிட்டு, அம்மா குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிப் பேசும் முறை உலகப் பொதுவானது இல்லை என்று காட்டியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் நடவு நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விடிவதற்குள் அம்மா நாற்றுப் பறிக்கப் போய்விடுவார். பிள்ளை அப்பாயியிடம் இருக்கும், அல்லது இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும் அக்காவின் இடுப்பில் இருக்கும். பத்து மணிக்கு அங்கன்வாடி. மதியம் திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், பிள்ளை நடுவில் படுத்திருக்கும். அதன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசுபவர் குறைவுதான். அதன் காதில் விழும் பேச்சோ குறைவே இல்லை. அத்தனை குரல்கள், அத்தனை உறவுமுறைகள், வயதுக்கேற்ற ‘வா’வும் ‘வாங்க’வும். அக்கா தம்பியிடம் பேசும் தமிழும் அப்பாயி பேரனிடம் பேசும் தமிழும் வேறுவேறு. நாலு பேர் பேச்சை ஒட்டுக்கேட்டே ஒரு பிள்ளை வினை ஈறுகளைக் கற்கிறது என்றால், குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது என்று உலகம் கேட்கும் கேள்விக்கே இந்தத் திண்ணைகளில் பாதி பதில் இருக்கலாம். நகரத்து மழலையர் பள்ளி வகுப்பறையில் அது கிடைக்காது. அங்கே பிள்ளை புதுச் சட்டை போட்டுக் கைகட்டி உட்கார்ந்து, மிஸ் கேட்டால் “ம்” என்று தலையாட்டும். ஒரு பருவத்துக்குள் என்பதும் இதற்கு ஒத்துவராது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல் சாகுபடி மாற மாற, வீட்டில் யார் இருப்பார், பிள்ளை யாரோடு பேசும் என்பது ஆண்டு முழுக்க மாறிக்கொண்டே இருக்கிறது.

இனி, அந்தப் பதிவு இல்லாததால் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை அவன் பெற்றோர் கடன் வாங்கி நகரத்தில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். அங்கே நீங்கள் சொல்லும் வகைப் படிவம் ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். படங்களில் பனிமனிதன் இருந்தது, ரொட்டி சுடும் கருவி இருந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. ‘மொழி வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை அவன் தன் ஆட்டுக்குட்டி எப்படி வேலியில் மாட்டிக்கொண்டது, யார் எடுத்துவிட்டார்கள், தாத்தா யாரைத் திட்டினார் என்பதையெல்லாம் என்னிடம் வரிசை பிசகாமல் சொன்னான். ஆனால் அந்தக் காகிதம் வீட்டில் தன் வேலையைக் காட்டிவிட்டது. பிள்ளைக்கு ஏதோ குறை என்று அம்மாவும் அப்பாவும் அவனிடம் உடைந்த ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவன் பேச்சு உண்மையிலேயே குறைந்தது.

இன்னொரு பிள்ளைக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. இரண்டரை வயதாகியும் ஒன்றிரண்டு சொல்லைத் தவிர வரவில்லை. “அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், வந்துரும்” என்று வீட்டில் சொன்னார்கள். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். இந்த ஊரில், இந்தப் பேச்சில், இரண்டரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இன்னின்ன செய்யும், இது வேறு மாதிரி இருக்கிறது, காதைச் சோதியுங்கள் என்று ஆதாரத்தோடு சொல்ல ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. நான்கு வயது தாண்டித் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தபோதுதான் இரண்டு காதும் ஏறக்குறையக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மொழி படிவதற்கு மிக முக்கியமான வருடங்கள் போய்விட்டன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது நரம்பு உள்வைப்பு (காக்ளியர் இம்பிளான்ட்) சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும் என்பதால், அதற்குப் பிறகு அந்த அம்மா அலைந்த அலைச்சலைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை இப்போது சைகையிலும் சில சொற்களிலும் பேசுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை. இன்னும் இரண்டு வருடம் முன்னால் யாராவது கவனித்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த வீட்டுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

பேசும் பிள்ளையைக் குறை என்று சொல்வதும், கேட்காத பிள்ளையைச் சரியாகிவிடும் என்று சொல்வதும் ஒரே இல்லாமையிலிருந்து வருகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் அங்கன்வாடிகளில் கண்டறிய வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் மொழித் தாமதமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பார்க்க ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது. எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் இல்லை. என் ஆய்வு மட்டும் அந்த அளவுகோலைத் தந்துவிடாது. சில பிள்ளைகளின் பேச்சிலிருந்து அளவுகோல் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும், எந்த ஈறு முந்தி வரும், எது பிந்தி வரும் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வித்தாளையே எழுத முடியும். முதல் படி இல்லாமல் அடுத்த படி கிடையாது.

நடைமுறை விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தலைப்போடு நான் தமிழ்த் துறைக்குப் போனபோது இது உளவியல் என்றார்கள். உளவியல் துறையில் இது மொழியியல் என்றார்கள். மொழியியலுக்கு நெறியாளர் இடம் காலியாக இருக்கிறது, எப்போது நிரப்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் என்னை ஏற்றுக்கொண்ட நெறியாளர் நல்லவர், ஆனால் குழந்தை மொழி அவர் துறை இல்லை. அதை அவரே சொல்லி, இணை நெறியாளர் ஒருவர் வேண்டும் என்று எனக்காகக் கடிதமும் கொடுத்தார். அதுவும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள், பல துறை சேர்ந்த ஆய்வுகளுக்குத் துறைக்கு வெளியிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்தும் இணை நெறியாளரை நியமிக்க இடம் தருகின்றன. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. மொழியியலில் நீண்ட மரபுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கிருந்து ரயில் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் சிதம்பரத்தில் இருக்கிறது. அதே விதிமுறைகள், ஆய்வாளரின் முன்னேற்றம் போதவில்லை என்று ஆலோசனைக் குழு கருதினால் காரணங்களைப் பதிவு செய்து, திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும் என்கின்றன. எனக்கு வந்த ஒரு பத்திக் கடிதத்தில் இரண்டும் இல்லை. குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு ஆண்டு என்று காலமும் அங்கே இருக்கிறது. ஒன்றரை ஆண்டுப் பதிவு அதற்குள் தாராளமாக அடங்கும்.

பெற்றோர் ஒப்புதல் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்வி மட்டும் நியாயமானது, அதை மனமார ஏற்கிறேன். குழந்தைகளின் குரல் எடுத்துப் போகும் பொருள் இல்லை. ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “எங்க புள்ள பேச்ச எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க? தப்பாப் பேசுதுன்னு எழுதிப்புடாதீங்க.” அவருக்கு வாய்ப்பேச்சில் பதில் சொன்னால் போதாது. பொறுப்பேற்கும் ஓர் அமைப்பின் பெயரில் எழுத்தில் பதில் தர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் குழந்தைகளுக்காகப் பெற்றோர் ஒப்புதல் பெறுவதும், எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் சார்பற்ற ஒரு சாட்சி முன்னிலையில் ஒப்புதல் பெறுவதும் தெளிவாகவே இருக்கின்றன. அதன்படி ஒப்புதல் படிவத்தை எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதி இணைத்திருந்தேன். அதைப் பரிசீலிக்க நம் பல்கலைக்கழகத்தில் மொழி, சமூக அறிவியல் ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழு இல்லை. குழு இல்லாததால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாததால் வீட்டுப் பதிவு இல்லை என்று முடித்துவிட்டீர்கள். குழுவை அமைப்பது உங்கள் கையில் இருக்கும் வேலை, ஆய்வாளரால் செய்யக்கூடியது இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. வீட்டுப் பதிவை நீக்கச் சொன்ன முடிவைத் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற முடியாது என்றால் ஏன் என்று காரணம் காரணமாக எழுத்தில் தாருங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தரவும் குழுவின் முன் நின்று விளக்கவும் எனக்கு வாய்ப்புக் கொடுங்கள். மொழிபெயர்த்த படிவத்தைக் கட்டாயமாக்காதீர்கள். ஒப்பீட்டுக்காக அதையும் பயன்படுத்தத் தயார், ஆனால் சொல்லுக்குள் இருக்கும் உறுப்புகளை எண்ணும் முறையே முதன்மை அளவாக இருக்கட்டும். என் நெறியாளர் கொடுத்த கடிதத்தின் பேரில் வெளியிலிருந்து ஓர் இணை நெறியாளரை நியமியுங்கள்.

நெறிமுறைக் குழுவை உடனே அமையுங்கள். பெற்றோர் பிரதிநிதி ஒருவரும் அங்கன்வாடி ஊழியர் ஒருவரும் அதில் இருக்கட்டும். என் படிவத்தை அவர்கள் முன் வையுங்கள், அவர்கள் திருத்தினால் திருத்துகிறேன். பதிவுகளைப் பிள்ளைகளின் பெயரும் ஊரும் தெரியாதபடி பாதுகாத்து வைக்கவும், பெற்றோர் விரும்பினால் அழித்துவிடவும் பல்கலைக்கழகம் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பின்னால் இதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களைத் துறை துறையாக அலையவிடாமல், குழந்தை மொழி ஆய்வைத் தமிழ், மொழியியல், உளவியல் மூன்றும் சேர்ந்து ஏற்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். உங்கள் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தை என் ஆறு ஆண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழு உறுப்பினர்களில் ஒருவராவது என்னோடு ஒரு பதிவுக்கு வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வீடு, எந்த நேரம் என்பதைப் பெற்றோரிடம் அனுமதி வாங்கி நான் ஏற்பாடு செய்கிறேன்.

குறுவைக்கு நாற்றங்கால் விடுவதற்குள் முதல் பதிவைத் தொடங்கினால்தான் ஒரு முழு விவசாய ஆண்டு கிடைக்கும். எனவே அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்கிறேன்.

இப்படிக்கு,
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
திருவாரூர் மாவட்டம்